கஃபே ரேசர் பாதி வழியில் நின்றது: கோளாறு டேங்க் மூடியில்

திருவையாற்றில் வீட்டு வாசலிலேயே பழைய 100 சிசி வண்டி ஒன்றை கஃபே ரேசராக, அதாவது பழைய பந்தய பைக் பாணியில் மாற்றினேன்; ஹேண்டில்பாரைத் தாழ்த்தி, சீட்டை ஒற்றையாக்கி, டேங்குக்கு நானே ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன். தஞ்சாவூர் கிளம்பினால் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு என மூன்று பாலம் தாண்டும், வெண்ணாற்றுப் பாலத்தில் திணறி நின்றுவிடும். பத்து நிமிஷம் ஓரங்கட்டினால் ஸ்டார்ட் ஆகும்.

பிளக் மாற்றினேன். கார்புரேட்டரை இரண்டு முறை கழுவினேன். பாட் ஃபில்டரால் (பெட்டி இல்லாத திறந்த ஏர் ஃபில்டர்) காற்று கூடிவிட்டதோ என்று, கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டைப் பெரிதாக்கியதில் கறுப்புப் புகைதான் மிச்சம். நான்கு நாள் போய்விட்டது.

இதில் ஒன்றை நான் கவனிக்கத் தவறினேன்: டேங்க் நிரப்பிய அன்று வெண்ணாற்றுக்கு முன்பே வரும் கண்டியூரிலேயே நின்றது. ஐந்தாம் நாள் பெட்ரோல் பார்க்க மூடியைத் திறந்தேன், 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது, உடனே ஸ்டார்ட் ஆனது! மூடியில் குண்டூசி முனை அளவு துளை இருக்கும், பெட்ரோல் இறங்க இறங்க அதன் வழியாகத்தான் காற்று உள்ளே போக வேண்டும். மூடிக்கும் சேர்த்து நான் அடித்த கிளியர் கோட் (பெயின்ட்டின் மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு) அதை அடைத்திருந்தது. நிரம்பிய டேங்கில் காற்றுக்கு இடம் குறைவு, அதனால்தான் சீக்கிரம் நின்றிருக்கிறது.

பழைய கிளட்ச் கேபிளிலிருந்து ஒற்றை இழையை உருவித் துளையைக் குத்திவிட்டு, சைக்கிள் பம்பால் ஊதினேன். தின்னர் ஊற்றவில்லை, உள்ளே இருக்கும் ரப்பர் கெட்டுவிடும். அப்புறம் பழைய ஜெட்டையே திரும்பப் போட்டேன். நேற்று தஞ்சாவூர் போய்த் திரும்பினேன், எங்கும் நிற்கவில்லை.