ஆச்சியிடம் யார் சொல்வது?

2019இல் புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் வந்ததிலிருந்து ஏட்காம் (மருத்துவரின் மனப்பான்மை, அறநெறி, நோயாளியிடம் பேசும் முறை) வகுப்பு கட்டாயம். சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்லைடு போட்டு நியூரம்பெர்க் 1947, ஹெல்சிங்கி 1964 என்று மருத்துவ ஆராய்ச்சிக்கான அறநெறி விதிகளை வாசித்தால் பிள்ளைகள் தூங்கத்தான் செய்வார்கள். அதெல்லாம் அப்புறம். முதலில் நாலு பேரை எழுப்பி முன்னால் நிறுத்தி, ஆளுக்கொரு வேடம் கொடுத்து நடிக்க விடுங்கள்.

எங்கள் காரைக்குடிப் பக்கத்துக்கு நான் வைத்திருக்கும் கதை இது. ஒருவர் கானாடுகாத்தானில் பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சி. பயாப்சியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. இன்னொருவர் சிங்கப்பூரிலிருந்து போனில் மகன்: "அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர், தாங்க மாட்டாங்க." மூன்றாமவர் ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி மருத்துவர். நான்காவது ஆள், ஆச்சிக்குச் சமைத்துப்போடும் அம்மா. அவரை விட்டுவிடாதீர்கள், விஷயம் பாதி அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

நடுவில் புகாமல் பாருங்கள். ஹவுஸ் சர்ஜன் போனோடு மல்லுக்கட்டுவாரே தவிர, ஆச்சி பக்கம் திரும்ப மாட்டார். அங்கே நிறுத்தி, ஆச்சியாக நிற்பவரிடம் கேளுங்கள்: "உங்களை யாராவது ஏதாவது கேட்டார்களா?"

அதற்காக, போட்டு உடைத்துவிடு என்றும் சொல்லித்தரக் கூடாது. நான் பழக்குவது இந்த ஒரு கேள்வி: "ஆச்சி, ரிசல்ட் வந்திருக்கு. உங்ககிட்டயே சொல்லவா, மகன்கிட்ட பேசிக்கவா?" அவனிடமே பேசு என்றால் அதுவும் ஆச்சியின் முடிவுதான். அதைக் கேஸ் ஷீட்டில் எழுத வையுங்கள்.

"அட்டெண்டர்தான் சார் கையெழுத்துப் போடுவாங்க" என்று, நோயாளியோடு கூட வந்தவரைச் சொல்லி, ஒருவராவது சொல்வார். அப்போது 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன டெல்லி வழக்கை எடுங்கள். லேப்ராஸ்கோப்பி (வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும்) பரிசோதனைக்கு வந்த பெண் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே நின்ற தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு அவசரம் இல்லை. நினைவு திரும்பும்வரை காத்திருந்து அவரிடமே கேட்டிருக்கலாம். தாயார் தந்த சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

ரகசியம் காப்பதற்குத் தனி வகுப்பு வேண்டாம். சிவகங்கை பஸ்ஸில் கேஸ் பேசாதே, முன் சீட்டில் நோயாளியின் சம்பந்தி இருப்பார் என்றால் புரிந்துகொள்வார்கள்.

தேர்வுக்குக் கட்டுரைக் கேள்வி வைக்காதீர்கள், மனப்பாடம் பண்ணிவிடுவார்கள். வார்டில் ஒரு நோயாளிக்கு அறுவை சிகிச்சையை விளக்கச் சொல்லுங்கள். பிறகு நோயாளியிடம், "தம்பி என்ன சொன்னார்?" என்று கேட்டு, வருகிற பதிலுக்கு மார்க் போடுங்கள்.