ரத்ததானத்தின்போது மயக்கம் வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

ரத்தம் கொடுக்க மனம் இருந்தும், முதல்முறை கொடுத்தபோது மயங்கி விழுந்ததால் அடுத்த முகாமின் பக்கமே போகத் தயங்குகிறவர்கள் பலர். "உன் உடம்புக்கு இதெல்லாம் ஒத்துக்கொள்ளாது" என்று வீட்டிலும் சொல்லிவிடுவதால், நல்ல உடல்நலம் உள்ள ஒரு கொடையாளரை நாம் நிரந்தரமாக இழந்துவிடுகிறோம். பெரும்பாலானவர்களுக்கு இந்த மயக்கம் தடுக்கக்கூடியதே.

எடுக்கப்படும் ரத்தத்தின் அளவு மட்டுமே இதற்குக் காரணம் அல்ல. 50 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் சுமார் மூன்றரை லிட்டர் ரத்தம் இருக்கிறது; அதில் 350 மில்லியை எடுப்பதை ஆரோக்கியமான உடல் சமாளித்துக்கொள்ளும். ஊசி ஏற்றுவதற்கு முன்பே, பக்கத்துப் படுக்கையில் பை நிரம்புவதைப் பார்த்த மாத்திரத்தில் மயங்குகிறவர்களும் உண்டு. பயம், வலி, ரத்தத்தைக் கண்ட அதிர்ச்சி, ரத்த அளவு குறைவது ஆகியவற்றில் ஒன்றோ பலவோ சேர்ந்து, இதயத் துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பைத் தூண்டும்போது, இதயத் துடிப்பு மந்தமாகி, கால்களின் ரத்தக் குழாய்கள் விரிந்து, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. மூளைக்குப் போகும் ரத்தம் சிறிது நேரம் குறைவதால் நினைவு தப்புகிறது. இது உடலின் அனிச்சைச் செயல் என்பதால் இதில் கோழைத்தனம் எதுவும் இல்லை. இளவயதினர், முதல்முறை கொடுப்பவர்கள், எடை குறைந்தவர்கள், இரவு சரியாகத் தூங்காதவர்கள் ஆகியோருக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். கல்லூரி முகாம்களில் அடிக்கடி யாராவது விழுவதன் காரணமும் இதுவே.

தயாரிப்பு முதல்நாள் இரவே தொடங்க வேண்டும். நன்றாகத் தூங்குங்கள், காலையில் இட்லி, பொங்கல் என்று வழக்கமான உணவைச் சாப்பிட்டுவிட்டுச் செல்லுங்கள். பிறந்தநாளன்று வெறும் வயிற்றோடு கோயிலுக்குப் போய்விட்டு நேராக ரத்த வங்கிக்கு வருவது நல்ல எண்ணம்தான் என்றாலும், மயக்கத்தை வரவழைக்கும் வழியும் அதுவே. விரத நாள்களில் ரத்தம் கொடுப்பதைத் தவிர்த்துவிடலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது தண்ணீர். ஊசி ஏற்றுவதற்கு முந்தைய அரைமணி நேரத்துக்குள் அரை லிட்டர் தண்ணீர் குடித்தால், அது ரத்த அழுத்தம் சரியாமல் ஓரளவு தாங்கிப் பிடிக்கிறது. உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்தாதவர்கள் உப்புப் போட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ சேர்த்துக் குடிக்கலாம்.

முன்பு மயங்கியது உண்டு என்றால் அதைப் பதிவு செய்யும் இடத்திலேயே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொல்வதால் உங்களை யாரும் குறைவாக நினைக்கப் போவதில்லை. சாய்வு நாற்காலிக்குப் பதிலாகப் படுக்கை கொடுப்பார்கள், அருகில் ஒருவரை நிறுத்துவார்கள்.

படுத்தபின் செய்ய வேண்டிய பயிற்சி ஒன்று உண்டு. ரத்தத்தைக் கண்டாலே மயங்குகிறவர்களுக்காக ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1980களில் வகுத்த தசை இறுக்கும் முறை அது. தொடை, பிட்டம், வயிறு ஆகியவற்றின் தசைகளை 10 முதல் 15 விநாடி வரை, முகத்தில் லேசான சூடு ஏறும் அளவுக்கு இறுக்கிப் பிடித்துவிட்டு, பிறகு 20 முதல் 30 விநாடி தளர்த்த வேண்டும். முழுவதும் தொய்ந்துபோக விடாமல் இயல்பு நிலைக்கு வந்தால் போதும். கால்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு அழுத்தினால் இறுக்குவது எளிது. ஊசி இருக்கும் கையை அசைக்கக் கூடாது, மூச்சையும் அடக்கக் கூடாது. கால் தசைகள் இறுகும்போது அங்கே தேங்கும் ரத்தம் இதயத்துக்குத் திரும்புவதால் அழுத்தம் இறங்காமல் நிற்கிறது. ஒரு வாரம் முன்னதாகவே வீட்டில் உட்கார்ந்து பழகிக்கொள்ளுங்கள். முகாமில் பதற்றத்தோடு இருக்கும்போது புதிதாகக் கற்றுக்கொள்வது கடினம். ஊசி ஏறும் நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பதும் நல்ல துணை.

அடுத்தடுத்துக் கொட்டாவி, குளிர்ந்த வியர்வை, குமட்டல், காதடைப்பு, கண் இருட்டிக்கொண்டு வருவது ஆகியவை முன்னறிகுறிகள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் "இன்னும் கொஞ்சம்தானே" என்று பொறுத்துக்கொள்ளாமல் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். ஊசியை எடுத்துவிட்டு, தலையைத் தாழ்த்திக் கால்களை உயர்த்தி வைத்தால் பலருக்கு மயக்கம் வராமலே போய்விடும். உடன் வந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை: விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மயக்கத்தில் கை கால் சில விநாடிகள் வெட்டுவது உண்டு. அதை வலிப்பு நோய் என்று நினைத்துக் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் எந்தப் பயனும் இல்லை.

பலர் விழுவது படுக்கையில் அல்ல, எழுந்த பிறகுதான். படுத்திருந்தவர் சட்டென்று நிற்கும்போது ரத்தம் கால்களுக்கு இறங்குவதே காரணம். எனவே முதலில் காலைத் தொங்கப்போட்டு ஓரிரு நிமிடம் உட்கார்ந்து, பின்பு மெதுவாக எழுந்து, பிஸ்கெட்டும் பழச்சாறும் கொடுக்கும் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் இருங்கள். கழிப்பறைக்குத் தனியாகப் போக நேர்ந்தால் கதவை உள்ளே தாழிடாதீர்கள். சில மணி நேரம் கழித்தும் மயக்கம் வரக்கூடும் என்பதால் அன்று வெயிலில் நிற்பதையும், பாரம் தூக்குவதையும், ஏணி ஏறுவதையும் தவிர்த்து, இருசக்கர வாகனத்தில் பின்னால் அமர்ந்து வீடு திரும்புவதே நல்லது. குறைந்த திரவம் ஓரிரு நாளில் ஈடாகிவிடும் என்பதால் அதுவரை தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள்.

இவ்வளவையும் கடைப்பிடித்த பிறகும் ஒவ்வொரு முறையும் நினைவு தப்புகிறது என்றால், அல்லது ரத்தம் கொடுக்காத நாள்களிலும் மயக்கம் வருகிறது என்றால், மருத்துவரிடம் காட்டி இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை மீண்டும் ரத்தம் கொடுக்க வேண்டாம்.