மனவடுவுக்கு அறிதுயில்: அலைச் சத்தம் வேண்டாம்

அறிதுயில் (ஹிப்னாடிசம்) ஒலிப்பதிவுகள் பலவும் கடல் அலையோடுதான் தொடங்கும். கல்லடி, நாவலடி, மருதமுனை, திருக்கோவில் போன்ற ஊர்களில் 2004 டிசம்பர் 26 சுனாமியை மறக்காத ஒருவருக்கு அதைப் போட்டால், ஆறுவதற்குப் பதில் அன்றைய காலைக்கே திரும்பிப் போய்விடலாம். "இன்னும் ஆழமாக மூழ்குங்கள்" என்ற வாடிக்கையான வசனமும் அப்படித்தான். கடையில் வாங்கிய வசனத்தை இங்கே அப்படியே வாசிக்க முடியாது.

மெஸ்மரிசம் வேறு, அறிதுயில் வேறு. உடலில் காந்தத் திரவம் ஓடுகிறது என்று மெஸ்மரிசத்தைத் தொடங்கிய 18-ஆம் நூற்றாண்டு மருத்துவர் மெஸ்மர் நம்பினார். தலையிலிருந்து கீழ்நோக்கிக் கையை இறக்குவார். தண்ணீருக்கும் காந்தம் ஏற்றுவார். வேப்பிலையால் பார்வை பார்த்து, தண்ணி ஓதிக் கொடுப்பதைக் கண்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. 1784-இல் பாரிஸில் பெஞ்சமின் பிராங்க்ளின், லவாய்சியர் உள்ளிட்ட குழு இதைச் சோதித்தது. கண் கட்டிய பையனை மரம் மரமாகக் கூட்டிப்போனார்கள். காந்தம் ஏற்றாத மரத்தடியிலேயே மயங்கி விழுந்தான். வேலை செய்தது திரவமல்ல, அவனுடைய எதிர்பார்ப்பு. ஆகவே கைவீச்சு, தொடுகை, உற்றுப் பார்த்து வசியம் செய்வது எதுவும் தேவையில்லை. மனவடு (பேரதிர்ச்சி மனதில் விட்ட காயம்) உள்ளவரைத் தொடவே கூடாது.

உளவளத்துணையாளர் அறிதுயிலால் செய்யக்கூடியது, பதறும் உடம்பைத் தணிப்பது. நடந்ததைத் தோண்டி எடுத்துச் சீர்செய்வது அதற்கெனப் பயின்ற சிகிச்சையாளரின் வேலை. ஆளில்லாத குரல் கேட்பவர், வலிப்பு உள்ளவர், குடித்துவிட்டு வந்தவர், சாகும் எண்ணம் சொல்பவர் ஆகியோருக்கு இதைத் தொடங்க வேண்டாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள்; 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் கொடுங்கள்.

40 நிமிடம் ஒதுக்குங்கள். அதில் முதல் 15 நிமிடம் பேச்சுக்கே போகட்டும். கைபிடி உள்ள கதிரை, கதவு தெரியும் பக்கம் முகம். நீங்கள் நேரெதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில், கை எட்டாத தூரத்தில் இருங்கள். பாயில் படுக்க வைக்க வேண்டாம். "வேணாம் எண்டா கைய உயர்த்துங்க, உடனே நிப்பாட்டுவன்" என்று சொல்லி, ஒருமுறை உயர்த்திக் காட்டச் சொல்லுங்கள்.

மனதில் நினைத்துப் பார்க்கப் பாதுகாப்பான ஓர் இடத்தை அவரே தெரிவுசெய்யட்டும். ஒருவர் படுவான்கரையில் அறுவடை முடிந்த வயல் என்பார், இன்னொருவர் உம்மம்மாவின் குசினி என்பார். அங்கே என்ன மணக்கிறது, காலுக்குக் கீழே என்ன, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று கேட்டு, அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள். அந்த இடத்தில் இறந்தவரோ காணாமல் போனவரோ வந்தால் வேறு இடம் தேடுங்கள்.

பிறகு சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லுங்கள். "அக்கா, கண் களைச்சா மூடுங்க, இல்லாட்டி திறந்தபடியே இரிங்க." கண் கட்டித் தடுத்து வைக்கப்பட்டிருந்தவர்களுக்குக் கண் மூடுவதே தண்டனை, அவர்கள் நிலத்தைப் பார்த்தபடி இருக்கலாம். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுவது, ஆறேழு தடவை. நீரில் மூச்சுத் திணறியவருக்கு மூச்சைக் கவனிப்பதே பதற்றம் தரும். அவர் பாதத்தைத் தரையில் அழுத்தித் தளர்த்தட்டும். பத்திலிருந்து ஒன்று வரை மெல்ல எண்ணுங்கள். படியில் இறங்குவதாகச் சொல்லாமல், ஒழுங்கையால் நடந்து அந்த இடத்துக்குப் போவதாகச் சொல்லுங்கள். அங்கே 5 நிமிடம், அவர் சொன்ன சொற்களாலேயே. உடம்பு தளர்ந்ததும் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்க்கச் சொல்லுங்கள்; அந்தத் தளர்வை நினைவூட்டும் அடையாளம் அதுதான். வீட்டில் தினமும் இருமுறை, மனம் அமைதியாக இருக்கும்போது இதைப் பழக வேண்டும். பதறும்போது மட்டும் செய்தால் விரல் சேர்ப்பே பதற்றத்தை நினைவூட்டத் தொடங்கிவிடும்.

திடீரென்று அழுது நடுங்கினால் "மறுகா என்ன நடந்த?" என்று கேட்காதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "கண்ணத் திறங்க, காலை ஊண்டுங்க, இண்டைக்கு என்ன கிழமை?" என்று கேளுங்கள். அறையில் தெரியும் ஐந்து பொருட்களைச் சொல்ல வையுங்கள். குரலை உயர்த்த வேண்டாம்.

"அவன் எங்க இருக்கான் எண்டு இதில பாக்கலாமா?" காணாமல் ஆக்கப்பட்டவரின் தாய் கேட்கக்கூடிய கேள்வி இது. முடியாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அறிதுயிலில் தோன்றுவது நினைவா கற்பனையா என்று பிரித்தறிய வழியில்லை; ஆனால் கண்டதை நிஜம் என்று நம்பும் உறுதி மட்டும் கூடிவிடும். இது குறி கேட்கும் இடமல்ல.

முடிக்கும்போது ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணி, கை கால் அசைத்து, எழுந்து நிற்க வையுங்கள். ஒரு தேத்தண்ணி, 10 நிமிடம் சாதாரணப் பேச்சு. தலை கிறுகிறுப்பு தீருமுன் மோட்டார் சைக்கிளில் ஏற விடாதீர்கள். மூன்று நான்கு தடவை செய்தும் உறக்கம் திரும்பவில்லை, கனவு குறையவில்லை என்றால் மேலும் இழுக்காமல் உளநல மருத்துவரிடம் சேர்த்துவிடுங்கள்.