செமி ட்ரக்கை மோட்டார்ஹோம் ஆக்கப்போகிறீர்களா? சறுக்கும் இடங்கள் இவை

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ட்ரெய்லரையும் சரக்கையும் இழுத்துக்கொண்டு, தன் எடையும் சேர்த்து மொத்தம் 36 டன் வரை ஓடும் வண்டி செமி ட்ரக். பெரிய சரக்கு நிறுவனங்கள் சில ஆண்டுகள் ஓட்டிவிட்டு இவற்றைக் கழித்துக்கட்டும்போது, ஸ்லீப்பர் கேபினோடு (படுக்கையுள்ள ஓட்டுநர் அறையோடு) கூடிய ஒரு வால்வோவோ ஃப்ரெய்ட்லைனரோ புது மோட்டார்ஹோமின் (சக்கரத்தில் ஓடும் வீட்டின்) விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைத்துவிடும். பிரேக் பெரியது, எஞ்சினும் நீடித்து உழைக்கும். அதன் முதுகில் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றலாம் என்ற எண்ணத்தில் தப்பே இல்லை. இந்தியானா மாநிலத்தில் ஷோஹாலர், ரெனிகேட் போன்ற நிறுவனங்கள் லாரி சேஸிஸ் மேல் வீடு கட்டுவதையே தொழிலாகச் செய்கின்றன.

சொந்தமாகக் கட்டுகிறவர்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் ஒரே நினைப்புதான்: "இத்தனை டன் இழுக்கிற வண்டிக்கு ஒரு வீடு எம்மாத்திரம்?" இழுப்பது வேறு, சுமப்பது வேறு. இந்த வண்டி இழுக்கப் பிறந்தது.

முதலில் சேஸிஸ். இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்களும் நடுவே குறுக்குச் சட்டங்களும்தான் இதன் உடம்பு. மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் ஏறி இன்னொன்று இறங்கும்போது சட்டம் முறுக்கிக்கொடுக்க வேண்டும். அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். வீட்டுப் பெட்டி முறுக்கிக்கொடுக்காது. அதை நேராகச் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கிவிட்டால் முதல் கரடுமுரடான பாதையிலேயே ஜன்னல் மூலைகளில் விரிசல் விழும், கதவு மூடாது, கூரைத் தையலில் தண்ணீர் கசியும். பெட்டிக்கென்று தனியாக ஒரு துணைச் சட்டம் வேண்டும். அது மூன்று புள்ளிகளில் மட்டும் சேஸிஸைத் தொட வேண்டும், இல்லையென்றால் ஸ்பிரிங் வைத்த பிடிகளில் உட்கார வேண்டும்.

இதைவிட மோசமானது வெல்டிங். செமி ட்ரக்கின் சட்டங்கள் பெரும்பாலும் வெப்பப் பதம் கொடுத்த எஃகு. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். "இங்கே வெல்டிங் செய்யாதே" என்று பல வண்டிகளில் சட்டத்திலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதன் மேலேயே பெயின்ட் அடித்துவிட்டு வெல்டிங் வைப்பவர்களும் உண்டு. சட்டத்தின் மேல், கீழ் மடிப்புகளில் துளை போடுவதும் கூடாது. துளை வேண்டுமென்றால் நடுப்பகுதியில், தயாரிப்பாளரின் பாடி கட்டும் கையேட்டில் சொன்ன இடத்தில் போட வேண்டும். இந்தக் கையேட்டை எல்லா லாரி நிறுவனங்களும் வெளியிடுகின்றன. படிக்காமல் வேலையைத் தொடங்குவது எனக்குப் புரியாத துணிச்சல். சேஸிஸை வெட்டி நீட்ட வேண்டுமென்றால் அதற்கென்றே இருக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். நீளம் மாறினால், எஞ்சினின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் நீளமும் கோணமும் மாறும். அங்கே கணக்கு பிசகினால் 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அதிரும்.

இன்னொன்றும் மறந்துபோகும். கேபின் தனி ஏர் சஸ்பென்ஷனில் மிதக்கிறது. கேபினிலிருந்து வீட்டுக்குள் போக வழி வைப்பதென்றால் இரண்டுக்கும் நடுவே துருத்தி மாதிரி மடிந்து விரியும் ரப்பர் இணைப்பு தேவை. தகரம் அடித்து மூடினால் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

அடுத்தது எடை. மொத்த எடை குறைவுதானே என்று திருப்திப்படாதீர்கள், ஒவ்வொரு ஆக்சிலிலும் (சக்கர அச்சிலும்) எவ்வளவு என்று பாருங்கள். சாதாரண செமி ட்ரக்கின் முன் ஆக்சிலுக்கு அனுமதி பெரும்பாலும் 12,000 பவுண்டு, சுமார் 5,440 கிலோ. ட்ரெய்லர் இல்லாமல் நிற்கும்போதே எஞ்சினும் கேபினும் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அதன் பின் தண்ணீர் டேங்க், ஜெனரேட்டர், பேட்டரி எல்லாவற்றையும் கேபினை ஒட்டி அடுக்கினால் முன் டயர்கள் தாங்க வேண்டியதைவிட அதிகம் தாங்கும். 100 கேலன் தண்ணீர் மட்டும் 378 கிலோ. சிலர் பயந்துபோய் எல்லாவற்றையும் பின் சக்கரத்துக்கு அப்பால் தள்ளுவார்கள். அப்போது முன்பக்கம் லேசாகி ஸ்டியரிங் பிடிமானம் போகும், திருப்பத்தில் வால் பக்கம் வெளியே வீசும். கனமானவை ஆக்சில்களுக்கு நடுவில், தாழ்வாக, இடம் வலம் சமமாக இருக்கட்டும். ட்ரக் ஸ்டாப்புகளில் உள்ள கேட் ஸ்கேல் எடை மேடை ஆக்சில் வாரியாக எடையைக் காட்டும். வேலை தொடங்கும் முன் ஒரு முறை, பெட்டி ஏறியதும் ஒரு முறை, எல்லா டேங்கும் நிரம்பிய பின் ஒரு முறை ஏற்றிப் பாருங்கள்.

பின் ஆக்சில் இரண்டில் ஒன்றைக் கழற்றிவிடும் வழக்கமும் இருக்கிறது. டயர் செலவு குறையும், திருப்பம் எளிதாகும், அதெல்லாம் சரி. ஆனால் சட்டப்படி பின்பக்கம் தாங்கக்கூடியது 34,000 பவுண்டிலிருந்து 20,000 பவுண்டுக்கு இறங்கிவிடும். ட்ரெய்லர் வீட்டை இழுக்க மட்டும் என்றால் கழற்றலாம். முதுகிலேயே வீடு என்றால் என்னைக் கேட்டால் கழற்ற வேண்டாம்.

காகித வேலையைக் கடைசிக்கு வைப்பதும் பெரிய தவறு. அமெரிக்க மத்திய அரசின் விதி ஆறு வசதிகளைச் சொல்கிறது: சமையல், குளிர்சாதனப் பெட்டி, கழிப்பறை, வெப்பமூட்டி அல்லது ஏசி, குழாயும் சிங்க்கும் உள்ள குடிநீர் ஏற்பாடு, தனி 110-125 வோல்ட் மின்சாரம் அல்லது கேஸ். இவற்றில் குறைந்தது நான்கு இருந்தால்தான் மோட்டார்ஹோம். பல மாநிலங்களும் பதிவுக்கு இதே போன்ற பட்டியலைத்தான் வைத்திருக்கின்றன. பதிவு மாறும் வரை அது சரக்கு லாரி, காப்பீடும் அப்படித்தான். லைசென்ஸ் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சொந்த உபயோகத்துக்கான மோட்டார்ஹோமுக்கு வணிக லைசென்ஸ் பல இடங்களில் தேவையில்லை. ஆனால் டெக்சாஸில் 26,000 பவுண்டுக்கு மேல் போனால் வணிகமல்லாத பி வகுப்பு லைசென்ஸ் வேண்டும், கலிஃபோர்னியாவில் நீளம் 40 அடியைத் தாண்டினால் அது வேண்டும். இதில் ஒரு கண்ணி உண்டு: அந்த வண்டியைத் தொழிலுக்கும் பயன்படுத்தத் தொடங்கினால் எரிபொருள் வரிக் கணக்கு முதலானவற்றில் மோட்டார்ஹோமுக்குள்ள விலக்கு போய்விடும்.

எஞ்சின் விஷயத்தில் ஓடிய தூரத்தைப் பார்த்து மட்டும் பயப்படாதீர்கள். எஞ்சின் கம்ப்யூட்டரின் பதிவையும் எண்ணெய்ப் பரிசோதனையையும் கேளுங்கள். 2007 முதல் வந்த எஞ்சின்களில் புகைக்கரி வடிகட்டி உண்டு. 2010 விதிக்குப் பிறகு பெரும்பாலானவற்றில் புகையைச் சுத்தப்படுத்தும் யூரியா திரவமும் சேர்ந்துகொண்டது. மோட்டார்ஹோம்கள் தங்கும் முகாமில் ஏசிக்காக எஞ்சினை மணிக்கணக்கில் ஓடவிட்டால் மணிக்கு சுமார் 3 லிட்டர் டீசல் போவதோடு வடிகட்டியும் அடைத்துக்கொள்ளும். தொல்லை என்று வடிகட்டியைக் கழற்றுவது மத்திய அரசின் சட்டப்படி கூடாது.

மின்சாரத்தில் உயிருக்கே ஆபத்தான தவறு ஒன்று இருக்கிறது. அமெரிக்க வீடுகளின் மெயின் பெட்டியில் நியூட்ரலும் எர்த்தும் இணைந்திருக்கும். அதைப் பார்த்துப் பழகியவர்கள் வண்டியின் பெட்டியிலும் இணைத்துவிடுகிறார்கள். முகாமின் மின் இணைப்பில் வண்டி நிற்கும்போது அந்த இணைப்பு முகாம் பக்கம் மட்டுமே இருக்க வேண்டும். வண்டியிலும் இணைத்தால் அதன் இரும்பு உடம்பு வழியாகவும் மின்சாரம் திரும்பும். எங்காவது நியூட்ரல் அறுந்தால் ஏணியில் கால் வைப்பவருக்கு ஷாக். ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் வைத்திருந்தால் அவற்றுக்கு வேறு முறை, தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். அப்புறம், லாரியின் ஆல்டர்னேட்டரை நேராக லித்தியம் பேட்டரியோடு இணைக்காதீர்கள். பேட்டரி இழுக்கும் வேகத்தில் ஆல்டர்னேட்டர் வெந்துவிடும். நடுவில், மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் போடுங்கள்.

உயரத்தைக் கட்டி முடித்த பின் அளப்பவர்களும் இருக்கிறார்கள். பல மாநிலங்களில் வரம்பு 13 அடி 6 அங்குலம். அதற்குள் இருந்தால் எல்லாப் பாலமும் வழிவிடும் என்று அர்த்தமில்லை. வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் 11 அடி 8 அங்குல ரயில் பாலம் ஒன்று லாரிக் கூரைகளை உரித்தே பேர் வாங்கியது. 2019-ல் அதை 12 அடி 4 அங்குலத்துக்கு உயர்த்திய பிறகும் இடிப்பவர்கள் இடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஏசி, ஆன்டெனா எல்லாம் சேர்த்து அளந்த உயரத்தை ஓட்டுநர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள். காருக்கான வரைபடச் செயலியை நம்பாதீர்கள். இயற்கையைப் பார்க்கத்தான் இத்தனையும் என்றால் இதையும் கேளுங்கள்: மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் மலையைக் கடக்கும் 'கோயிங்-டு-தி-சன்' சாலையின் நடுப்பகுதியில் 21 அடி நீளமோ 8 அடி அகலமோ தாண்டிய வண்டிக்கு அனுமதி இல்லை; 10 அடி உயரம் தாண்டினால் தொங்கும் பாறைகளால் சிரமம். அங்கெல்லாம் பின்னால் இழுத்துவரும் சின்னக் காரில்தான் போக முடியும். அந்தக் காரின் நீளத்தையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்: கலிஃபோர்னியாவில் வண்டியும் காரும் சேர்த்து 65 அடிதான்.

டயர் பற்றிச் சுருக்கமாக. சரக்கு லாரியில் டயர் ஓடித் தேயும். மோட்டார்ஹோமில் நின்று நின்று வயதாகும். டயரின் வரிப்பள்ளம் பளிச்சென்று இருந்தாலும் ரப்பர் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம். பக்கவாட்டில் 'DOT' என்று தொடங்கும் குறியீட்டின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும்: 2318 என்றால் 2018-ன் 23-வது வாரம். வண்டி வாங்கும் அன்றே எல்லா டயர்களிலும் இதைப் படியுங்கள், இரட்டைச் சக்கரத்தின் உள் டயர் உட்பட. முன் டயர் இரண்டும் பழசென்றால் மாற்றும் செலவை விலையில் பேசிக் குறையுங்கள்.