பழைய ஸ்டைல் டிரஸ், ஃபெல்ட் தொப்பி: எங்க ஆரம்பிக்கலாம்?

முதல்லயே முழு சூட்டு வாங்கிடாதீங்க, நாடக வேஷம் மாதிரி ஆயிடும். இடுப்புக்கு மேல ஏறி நிக்கிற பேன்ட் ஒண்ணு போதும், 1930-40கள்ல அப்படித்தான் போட்டாங்க. பழைய கோட்டுன்னா லேபிள்ல இருக்கிற சைஸை நம்பாம டேப் வச்சு அளந்து பாருங்க, தோள் மட்டும் கரெக்டா உக்காரணும், கை நீளம் இடுப்பெல்லாம் டெய்லர் பாத்துப்பார் ஆனா தோளைப் பிரிச்சு தைக்கிறது பெரிய தலைவலி.

தொப்பிக்கு காதுக்கு மேல, நெத்தி நடுவுல டேப்பை சுத்தி அளந்துக்கோங்க. 58 செ.மீ.ன்னா அமெரிக்க சைஸ் 7¼, அதுவே பிரிட்டிஷ்ல 7⅛, இதுல குழம்பித்தான் நிறைய பேர் டைட்டா வாங்கிடுறாங்க. ஃபெல்ட்னா கம்பளியையோ விலங்கு முடியையோ அழுத்திச் செஞ்ச கெட்டித் துணி. கம்பளி ஃபெல்ட் விலை கம்மி, ஆனா மழைல நனைஞ்சா தொய்ஞ்சிடும், முயல் முடிலயோ பீவர் (தண்ணில வாழுற ஒரு விலங்கு) முடிலயோ செஞ்சது ரொம்ப வருஷம் உழைக்கும். பழசு வாங்கினா உள்பட்டை தோல் வெடிச்சிருக்கா, பூச்சி அரிச்சிருக்கான்னு வெளிச்சத்துல பிடிச்சு பாருங்க.

அப்புறம் தொப்பியை மேல இருக்கிற மடிப்புல கிள்ளி தூக்காதீங்க (சினிமால அழகாத்தான் இருக்கும்!), அந்த மடிப்புலயே கிழியும். கழட்டினதும் தலைகீழா வைங்க, விளிம்பு வளையாது.