திருச்சியில் விமானம் ஏறுகிறீர்களா? ‘நம்பகமான பயணியர்’ பதிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்ட ஒருவர், விமான நிலையத்துக்குள் இருந்தபடியே என்னைத் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, பதிவெல்லாம் முடித்துக் கொடுத்தீர்களே! இங்கே பையைச் சோதிக்கும் இடத்தில் பெரிய வரிசை நிற்கிறது. அதைச் சொன்னால் முன்னால் விட மாட்டேன் என்கிறார்கள்” என்றார். அவர் குரலில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம் இருந்தது. அவர் மீது குற்றம் இல்லை. அந்தப் பதிவு எந்த வரிசைக்கு உதவும், எதற்கு உதவாது என்பதை நான்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கும்பகோணத்தில் பல ஆண்டுகளாக விமான டிக்கெட் பதிவு செய்து கொடுக்கிறேன். அன்று முதல், படிவத்தைத் திறப்பதற்கு முன்பே இதை விளக்கிவிடுகிறேன்.

வெளிநாடு செல்பவர் விமானத்தில் ஏறும் முன் பல இடங்களில் நிற்கிறார். வாசலில் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் காட்ட வேண்டும். விமான நிறுவனக் கவுண்டரில் பெட்டியைப் போட்டு போர்டிங் பாஸ் வாங்க வேண்டும். அடுத்தது குடியேற்றச் சோதனை, அதாவது நாம் இமிகிரேஷன் என்று சொல்வது. அதற்குப் பிறகு, உடலையும் கைப்பையையும் சோதிக்கும் பாதுகாப்புச் சோதனை. மத்திய உள்துறை அமைச்சகத்தின் ‘விரைவுக் குடியேற்றம் – நம்பகமான பயணியர் திட்டம்’ இவற்றில் மூன்றாவது வரிசைக்கு மட்டுமே உரியது. அந்த இடத்தில் அதிகாரியின் மேசைக்குப் போகாமல், ‘இ-கேட்’ எனப்படும் தானியங்கிக் கதவில் பாஸ்போர்ட்டை வைத்து, முகத்தையும் விரலையும் காட்டிக் கடந்துவிடலாம். ஊர் திரும்பும்போதும் இதே வசதி உண்டு. என் அனுபவத்தில் இதன் அருமை திரும்பும்போதுதான் அதிகம் தெரிகிறது. இரண்டு மூன்று விமானங்கள் அடுத்தடுத்து இறங்கும் நேரத்தில் இமிகிரேஷன் கூடம் எப்படி இருக்கும் என்பதை வளைகுடாவிலிருந்து வந்து இறங்கியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் திட்டம் 2024 ஜூன் 22 அன்று டெல்லியில் தொடங்கியது. 2025 ஜனவரி 16 அன்று சென்னை உட்பட ஏழு விமான நிலையங்களுக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று திருவனந்தபுரம், கோழிக்கோடு, லக்னோ, அமிர்தசரஸ் ஆகியவற்றோடு திருச்சியும் சேர்ந்தது. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், நாகூர் என்று வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் திருச்சிதான் வாசல். அதனால் இந்தப் பதிவை நம் மக்கள் சரியாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களும், ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் வெளிநாட்டு இந்தியர்களும் விண்ணப்பிக்கலாம்.

நான் கண்ட தவறுகளில் என்னை மிகவும் வருத்துவது, இதற்காகப் பணம் கொடுத்து ஏமாறுவது. இந்தப் பதிவுக்கு அரசு ஒரு பைசாவும் வாங்குவதில்லை. படிவம் நிரப்பத் தெரியாதவருக்கு ஒருவர் உதவி செய்து அந்த உழைப்புக்குக் கூலி வாங்கினால் அது வேறு. ‘அரசுக் கட்டணம்’, ‘அவசரக் கட்டணம்’ என்று கேட்டால் கொடுக்காதீர்கள். உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் மட்டுமே விண்ணப்பிக்க வேண்டும். முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பாஸ்போர்ட் படத்தை ஏற்ற வேண்டும். சிங்கப்பூர் செல்பவர்கள் நிரப்பும் வருகை அட்டையிலும் இதே ஏமாற்று நடக்கிறது. அதுவும் இலவசம்தான். அந்நாட்டுக் குடியேற்றத் துறையின் தளத்தில், போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் நிரப்பினால் போதும்.

அடுத்த தவறு, விண்ணப்பத்தை அனுப்பியதுமே வேலை முடிந்தது என்று நினைப்பது. அனுப்பிய விவரங்களைச் சரிபார்த்து, ஏற்றுக்கொண்டதாகத் தகவல் வந்த பிறகு, விமான நிலையத்திலோ வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்திலோ நேரில் போய் விரல்ரேகையும் முகப்படமும் கொடுக்க வேண்டும். அது முடிந்தால்தான் கதவு உங்களை அடையாளம் காணும். திங்கட்கிழமை டிக்கெட், சனிக்கிழமை விண்ணப்பம் என்று வருபவர்களிடம், இந்தப் பயணத்துக்கு இதை நம்ப வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு விடுமுறையில் வந்திறங்கிய முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

விரல்ரேகையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பகுதிக்கு இதுதான் பெரிய சிக்கல். நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்த கைகளில் ரேகை தேய்ந்து போயிருக்கும். ரேஷன் கடைக் கருவியில் ஐந்து முறை அழுத்தியும் பதியாமல் வீட்டுக்குத் திரும்பிய பெண்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அதே விரல்தான் விமான நிலையத்துக்கும் வருகிறது. நடவோ அறுவடையோ முடிந்த கையோடு ரேகை கொடுக்கப் போகாதீர்கள். வெட்டுக்காயமும் வெடிப்பும் ஆறும் வரை பொறுங்கள். சில நாட்கள் இரவில் தேங்காய் எண்ணெய் தடவி வந்தால் தோல் மிருதுவாகும். ரேகை கொடுக்கும் அன்று எண்ணெய்ப் பசை இல்லாமல் கழுவித் துடைத்துக்கொள்ள வேண்டும். கல்யாண வீட்டுக்குப் போய் விரல் நுனி சிவக்க மருதாணி வைத்துக்கொண்ட கையோடு போவதையும் தவிர்க்க வேண்டும். இ-கேட்டில் முதல் முறை விரல் பதியவில்லை என்றால் பதற வேண்டாம். அருகில் அதிகாரி இருப்பார். வழக்கமான கவுண்டரில் போய்க் கடக்கலாம், பயணம் நிற்காது.

வயது வரம்பும் உண்டு: ஆறு முதல் எழுபது வரை. கைக்குழந்தையோடு போகும் தாய் தனக்கு மட்டும் பதிவு செய்துகொண்டு என்ன பயன் என்பதை யோசிக்க வேண்டும். குழந்தை வரிசையில்தான் நிற்க வேண்டும், தாயும் அதனோடு நிற்கத்தான் வேண்டும்.

இனி பெயர். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகப் போட்டுக்கொள்வதே நம் வழக்கம். பாஸ்போர்ட் படிவத்துக்கு அந்த வழக்கம் தெரியாது. ஒருவர் தந்தை பெயரைக் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் விரித்து எழுதுவார். அவர் தம்பி அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுத் தன் பெயரோடு தந்தை பெயரையும் சேர்த்து எழுதுவார். திருமணமான தங்கை பழைய பாஸ்போர்ட்டில் தந்தை பெயரோடும் புதியதில் கணவர் பெயரோடும் இருப்பார். டிக்கெட் எடுப்பவர் இது எதையும் பார்க்காமல், ஆதாரில் உள்ளபடி ‘எஸ். மீனா’ என்று போட்டுவிடுவார். இந்தப் பதிவுகளெல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்து வேலை செய்பவை. மனிதர் பார்த்தால் ‘எஸ்’ என்பது செல்வராஜ் என்று ஊகித்துக்கொள்வார், கணினி அப்படிச் செய்யாது. விண்ணப்பத்திலும் டிக்கெட்டிலும், பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத வேண்டும். நான் இப்போது வாய்மொழியாகச் சொல்லும் பெயருக்கு டிக்கெட் போடுவதே இல்லை. பாஸ்போர்ட்டின் படத்தை அனுப்பச் சொல்லிவிடுகிறேன்.

பாஸ்போர்ட் காலாவதியாகும் நாளையும் பாருங்கள். விண்ணப்பிக்கும்போது குறைந்தது ஆறு மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும். பதிவு ஐந்து ஆண்டுகளுக்கு, அல்லது பாஸ்போர்ட் முடியும் வரை, எது முந்துகிறதோ அதுவரை நிலைக்கும். ஒரு வருடத்தில் முடியப்போகும் பாஸ்போர்ட்டில் பதிவு செய்தால் ஒரு வருடம்தான் கிடைக்கும். முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டு விண்ணப்பிப்பதே சரி.

சென்னையிலிருந்து டெல்லிக்கோ மும்பைக்கோ உள்நாட்டு விமானத்தில் போகிறவர்கள் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்வது ‘டிஜி யாத்ரா’. 2022 டிசம்பரில் தொடங்கிய அந்த வசதி ஆதாரை அடிப்படையாகக் கொண்டது, உள்நாட்டுப் பயணத்துக்கு உரியது. முகத்தைக் காட்டி வாசலைக் கடக்கலாம். ஒவ்வொரு பயணத்துக்கும் போர்டிங் பாஸை அந்தச் செயலியில் ஏற்ற வேண்டும். அதிலும் உடல் சோதனையும் பைச் சோதனையும் உண்டு.

ஆக, பாதுகாப்புச் சோதனை வரிசையை விரைவாக்க நம் ஊரில் அட்டை எதுவும் உதவாது, பெட்டியை அடுக்கும் விதம்தான் உதவும். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், கவுண்டரில் போடும் பெட்டியில் வைத்தால் பெயர் சொல்லி அழைத்துப் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். மிளகாய் ஊறுகாய் கைப்பையில் கூடாது, பெட்டியில் போடுங்கள். கொப்பரைத் தேங்காய் இரண்டிலுமே கூடாது. எண்ணெய்ச் சத்து மிகுந்த கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. பூஜைக்கென்று அம்மா முடிந்து கொடுக்கும் கற்பூரமும் அப்படித்தான். அரிவாள்மனை, தேங்காய்த் துருவி எல்லாம் பெட்டிக்குள் போக வேண்டும். நாச்சியார்கோவில் குத்துவிளக்கைக் கைப்பையில் வைத்தால், கனமான பித்தளை எக்ஸ்ரே திரையில் கரும்பாளமாகத் தெரியும், பையைப் பிரித்துக் காட்டும் வரை பின்னால் நிற்பவர்களும் காத்திருக்க வேண்டும். விளக்கைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைப்பது எல்லோருக்கும் நிம்மதி.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. அங்கே ‘குளோபல் என்ட்ரி’ என்ற திட்டம் அந்நாட்டுக்குள் நுழையும் இமிகிரேஷன் வரிசைக்கு உரியது. ‘டி.எஸ்.ஏ. பிரீசெக்’ என்பதுதான் உண்மையிலேயே பாதுகாப்புச் சோதனை வரிசைக்கானது. அதில் மடிக்கணினியைப் பையிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. குளோபல் என்ட்ரி பெற்றவருக்கு பிரீசெக்கும் சேர்ந்தே கிடைக்கும். இந்தியக் குடிமக்கள் 2017 முதல் குளோபல் என்ட்ரிக்கு விண்ணப்பிக்கலாம். 2024 அக்டோபர் முதல் கட்டணம் 120 டாலர், ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும், விண்ணப்பம் ஏற்கப்படாவிட்டாலும் பணம் திரும்பாது. அமெரிக்கச் சோதனையோடு நம் பாஸ்போர்ட் அலுவலகம் வழியான பின்னணிச் சரிபார்ப்பும் உண்டு. பதிவு கிடைத்தும் பலர் பயன் பெறாமல் போவதற்குக் காரணம், உறுப்பினர் எண்ணை டிக்கெட்டில் சேர்க்காதது. ஒவ்வொரு டிக்கெட்டிலும் அந்த எண் இருந்தால்தான் போர்டிங் பாஸில் பிரீசெக் குறி அச்சாகும். குறி இல்லையென்றால் அட்டையை நீட்டினாலும் அந்த வரிசையில் விட மாட்டார்கள். இங்கே எங்களைப் போன்றவர்களிடம் டிக்கெட் எடுக்கும்போது அந்த எண்ணைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

கிடைத்த பதிவை இழப்பது சாப்பாட்டுப் பொருளால்தான். கும்பகோணத்து வீடுகளில் பிள்ளை கிளம்புகிற அன்று கறிவேப்பிலையை ஈரத்துணியில் சுற்றிப் பெட்டியின் ஓரத்தில் வைக்காத தாய் இல்லை. அமெரிக்காவுக்குள் கறிவேப்பிலை கொண்டுபோகத் தடை இருக்கிறது. அதன் வழியாக எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி போய்விடும் என்பது அவர்கள் அச்சம், அதில் நியாயமும் இருக்கிறது. காப்பித்தூள், அப்பளம், வற்றல் என்று எது இருந்தாலும் கேட்கும்போது ‘உணவுப் பொருள் இருக்கிறது’ என்று சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால், கூடாததை மட்டும் எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். மறைத்தால் அபராதம் விழலாம், குளோபல் என்ட்ரியும் ரத்தாகலாம். நம்பகமான பயணி என்று பெயர் பெற்றவர் பொய் சொன்னதாகவே அவர்கள் அதை எடுத்துக்கொள்கிறார்கள். தாயிடம் இதை முன்னாலேயே சொல்லிப் புரியவையுங்கள். விமான நிலையத்துக்குக் கிளம்பும் நேரத்தில் பெட்டியைப் பிரித்து அவர் வைத்ததை வெளியே எடுப்பது அவருக்குப் பெரிய வேதனை.

பதிவு இருக்கிறது என்ற துணிவில் வீட்டைவிட்டுத் தாமதமாகக் கிளம்புவதும் நடக்கிறது. சர்வதேச விமானங்களுக்குக் கவுண்டரை பொதுவாக ஒரு மணி நேரம் முன்னதாகவே மூடிவிடுவார்கள். கவுண்டர் மூடிய பிறகு இ-கேட் வசதி இருந்தும் பயனில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வருபவர்கள் இன்னும் கூடுதலாக நேரம் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெற்றோரை அழைத்துப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டால் அவருக்கு இந்தப் பதிவு கிடையாது. உங்களுக்குக் கிடைத்திருந்தாலும் அன்று ஒரு நாள் இ-கேட்டை விட்டுவிட்டு அவரோடு வரிசையில் நில்லுங்கள். இமிகிரேஷன் அதிகாரி கேட்கும் கேள்வி காதில் விழாமல், பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்தபடி கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்ட மகனைத் தேடி நின்ற பெரியவர் ஒருவரை நானே பார்த்திருக்கிறேன். நடக்க முடியாதவர் என்றால் டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன்பாவது விமான நிறுவனத்துக்குத் தெரிய வேண்டும். நாற்காலியைத் தள்ளிச் செல்லும் பணியாளர் அவரை எல்லா வரிசையிலும் முன்னே அழைத்துச் செல்வார். நீங்களும் கூடவே போகலாமா என்று அவரிடமே கேளுங்கள், பெரும்பாலும் ஒருவரை அனுமதிப்பார்கள்.