ஆங்கிலக் கவிதை வினா: பெயரோடு நிறுத்தாதீர்கள்
பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் 'பெர்சானிஃபிகேஷன்' (உயிரற்றதை உயிருள்ளதுபோல், மனிதர்போல் காட்டுவது) என்று அணியின் பெயரை மட்டும் எழுதினால் விளக்கம் கேட்கும் வினாவுக்கு அது பாதிப் பதில்தான். நம்மூர் ஆற்றை வைத்தே பாருங்கள்: 'தி வைகை ஸ்லீப்ஸ் அண்டர் தி பிரிட்ஜ்'. முழு வரியையும் திருப்பி எழுத வேண்டாம். 'ஸ்லீப்ஸ்' என்ற ஒரு சொல்லை மேற்கோள் குறிக்குள் காட்டுங்கள். உறங்குவது உயிருள்ளவற்றின் செயல், அது ஆற்றுக்கு ஏற்றப்பட்டிருக்கிறது என்று காரணம் சொல்லுங்கள். பிறகு விளைவு: ஓட்டமில்லாமல் ஆறு அசையாது கிடப்பது கண்முன் வருகிறது. இந்தக் கடைசி வாக்கியம்தான் பதிலின் உயிர், அவசரத்தில் விட்டுவிடாதீர்கள்.

'லைக்' இருந்தாலே சிமிலி (உவமை அணி) ஆகிவிடாது. 'ஐ லைக் ரெயின்' என்பதில் ஒப்பீடே இல்லை. 'ஹி லுக்ஸ் லைக் ஹிஸ் பிரதர்' என்பதும் சாதாரண ஒப்பீடுதான். சிமிலிக்கு இருவேறு வகைப் பொருள்கள் வேண்டும்.